அல்லி: ஒரு பெயர் வந்த வழி

புதுமணத் தம்பதியைப் பார்த்தால் பெரியவர்கள் கேலியாகக் கேட்பார்கள்: "வீட்ல சிதம்பரமா, மதுரையா?" சிதம்பரம் என்றால் கணவன் பேச்சு எடுபடுகிறது என்று பொருள், மதுரை என்றால் மனைவி பேச்சு. மதுரை என்று பதில் வந்தாலும் யாருக்கும் வருத்தம் இல்லை. மீனாட்சி முடிசூடி ஆளும் ஊரல்லவா, அது கௌரவமான பதில்தான். இதே செய்தியைக் குத்திக் காட்டிச் சொல்லவும் தமிழில் ஒரு தொடர் இருக்கிறது: "அங்க நடக்கிறது அல்லி தர்பார்." ஒரு வீட்டிலோ அலுவலகத்திலோ கட்சியிலோ பெண் முடிவெடுக்கிறாள், ஆண்கள் வாய் திறப்பதில்லை என்றால் அல்லி தர்பார், அல்லி ராஜ்ஜியம் என்பார்கள். அந்த அல்லியும் மதுரையை ஆண்டவள்தான். ஒரே ஊர், இரண்டு அரசிகள். ஒருத்தியின் ஆட்சி வாழ்த்தாகவும் மற்றவளின் ஆட்சி ஏச்சாகவும் ஆனது எப்படி? அந்தப் பெயரின் பின்னால் போனால் காதலும் கல்யாணமும் அடுக்கடுக்காக வரும் ஒரு நீண்ட தொடர்கதைக்குள் போய்ச் சேருகிறோம். தமிழ்ப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக வாசித்தும் கேட்டும் வந்த கதை அது.

முதலில் பூ. இன்று அல்லி என்றால் கண்மாயிலும் தெப்பக்குளத்திலும் இலை விரித்து மிதக்கும் கொடி. சங்கப் புலவர்கள் அந்தக் கொடிக்கு ஆம்பல் என்றே பேர் சொன்னார்கள். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் பூக்களின் வரிசையில் இடம்பெறுவது ஆம்பல்தான். அல்லி என்பது அந்தக் கொடியில் ஒரு பகுதிக்குப் பேராக இருந்தது. புறநானூற்றின் 248ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தனார் பாடியது. இளமையில் தழையாடையாக உதவிய ஆம்பல், கணவன் இறந்தபின் வேளை தவறி உண்ணும் உணவுக்கு அரிசியாக உதவுவதை ஒரு கைம்பெண் அதில் சொல்கிறாள். அந்த அரிசிக்கு அங்கே அல்லி என்று பெயர். பிற்காலத்தில் அதையே அல்லியரிசி என்றார்கள். பூவின் உள்ளிதழுக்கும் இந்தச் சொல் வந்தது. தமிழ்வழியில் தாவரவியல் படித்த எவருக்கும் புல்லி வட்டம், அல்லி வட்டம் தெரியும். வெளியே பச்சையாகக் காப்பது புல்லி. உள்ளே நிறமாக விரிவது அல்லி. நாளாக ஆக உறுப்பின் பெயர் முழுக் கொடிக்கும் ஏறிவிட்டது. ஆம்பல் ஏட்டோடு ஒதுங்கியது.

அல் என்றால் இரவு, இரவில் மலர்வதால் அல்லி என்று விளக்குவாரும் உண்டு. கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பழைய ஆட்சியில் இந்தச் சொல் உணவையும் உள்ளிதழையும் குறித்திருக்க, இரவைக் கொண்டுவந்து பொருத்துவது பிந்தைய அழகுபடுத்தல் என்றே எனக்குப் படுகிறது. புறநானூற்றின் 33ஆம் பாட்டில் அல்லிப்பாவை வருகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடல்களில் ஒன்று அல்லியம். கஞ்சன் ஏவிய யானையைக் கண்ணன் கொன்ற ஆடல் அது. அங்கிருந்து நம் அரசிக்குப் பாலம் கட்ட ஆசை வரும். அந்தப் பாலம் நிற்காது. அல்லியம் கண்ணனுடையது, அரசியின் பெயர் பூவிலிருந்து வந்தது. கதையே அதைச் சொல்லிவிடுகிறது: பிள்ளை இல்லாத பாண்டியனுக்கு அல்லிப் பூவில் கிடைத்த குழந்தை, ஆகவே அல்லி.

பெயரின் மறுபாதி அரசாணி. புத்தகத் தலைப்பு 'அல்லியரசாணி மாலை'. அரசாணி என்றால் அரசி. கல்யாணப் பந்தலில் நடும் அரசங்கொம்புக்கும் அரசாணிக்கால் என்றுதான் பெயர். கொங்கு நாட்டுக்காரர்கள் பரங்கிக்காயை அரசாணிக்காய் என்பார்கள். அரசி, ராணி என்ற சொற்கள் புழக்கத்தை எடுத்துக்கொண்டன. அரசாணி என்ற சொல் அரசி என்ற பொருளில் இன்று உயிரோடு இருப்பது அனேகமாக இந்த ஒருத்தியின் பெயருக்குப் பின்னால் மட்டும்தான். பட்டம் அவளுக்காகவே நின்றுபோனது போல.

இனி அரசி. வியாச பாரதத்தில் அல்லி இல்லை. ஆதிபருவத்தில் அருச்சுனன் பன்னிரண்டு ஆண்டு தீர்த்த யாத்திரை போகிறான். வழியில் நாக கன்னி உலூபியையும், பிறகு சித்திரவாகனன் மகள் சித்திராங்கதையையும், கடைசியில் துவாரகையில் சுபத்திரையையும் மணக்கிறான். சித்திராங்கதையின் ஊர் வடநாட்டுப் பாடங்களில் மணிபூரம். தென்னாட்டுச் சுவடிகளில் அது மணலூர். ஊர்ப் பெயர் மாறியதோடு பெண்ணின் குலமும் பாண்டிய குலமாயிற்று. வில்லிபுத்தூரார் தம் பாரதத்தில் அருச்சுனனை மதுரைக்கே அழைத்துவந்து பாண்டியன் மகளை மணக்க வைக்கிறார். மதுரைக்குத் தென்கிழக்கே, கீழடிக்குப் பக்கத்தில் மணலூர் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. 2020இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கீழடியோடு கொந்தகை, அகரம், மணலூர் ஆகிய இடங்களிலும் அகழ்ந்தது. மதுரை உண்டாவதற்கு முன் பாண்டியர் தலைநகர் மணவூர் என்று திருவிளையாடற் புராணமும் சொல்கிறது. இந்த மணலூரே பாரதத்து மணலூர் என்று யாரும் நிறுவிவிட முடியாது. ஆனால் மதுரைச் சமவெளிக்காரர்கள் அருச்சுனனைத் தங்கள் ஊர் மருமகனாகக் கருதியதற்கு இந்தப் பெயர் ஒற்றுமையே போதுமானதாக இருந்திருக்கும்.

சித்திராங்கதை அல்லியாவதற்கு இன்னும் இரண்டு பேர் வேண்டியிருந்தது. வியாசரின் சித்திராங்கதை வாளெடுப்பவள் அல்ல. அவளுக்குப் பிறக்கும் மகன் தாய்வழிப் பாட்டனின் வாரிசு என்ற நிபந்தனையோடு கல்யாணம் செய்து கொடுக்கப்படும் பெண், அவ்வளவுதான். அவளைப் போர்க்கலை கற்ற இளவரசியாக்கித் தாகூர் நாடகம் எழுதியது 1892இல். மதுரையின் அல்லி அதற்கு வெகுகாலம் முன்பே வில்லும் வாளும் எடுத்துவிட்டாள். ஜைமினி பாரதத்தில் பெண்கள் மட்டுமே வாழும் நாட்டை ஆளும் பிரமீளா வருகிறாள். வேள்விக் குதிரைக்குப் பின்னால் வந்த அருச்சுனனை எதிர்த்து நிற்பவள் அவள். ஆண் நுழையாத அரண்மனை என்ற கருத்து அல்லிக்கு அந்தப் பக்கமிருந்து வந்திருக்க வேண்டும்.

மற்றவள் மீனாட்சியேதான். மலையத்துவச பாண்டியனும் காஞ்சனமாலையும் செய்த வேள்வியில் மூன்று தனங்களோடு தோன்றிய தடாதகை, ஆண்பிள்ளை போல வளர்ந்து, முடிசூடி, திசையெல்லாம் வென்று கயிலை வரை போகிறாள். சிவனைக் கண்டதும் மூன்றாவது தனம் மறைகிறது. சித்திரைத் திருவிழா இதைத்தான் ஒவ்வோர் ஆண்டும் நடத்திக் காட்டுகிறது: எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்கு விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம். சித்திரையிலிருந்து ஆவணி வரை அம்மன் ஆட்சி, மீதி மாதங்கள் சுவாமி ஆட்சி என்று ஆண்டையே பிரித்துக் கொடுத்த ஊர் இது. பாண்டிய நாட்டில் பெண் ஆண்டாள் என்ற பேச்சு அதைவிடப் பழையது. கி.மு. 300ஐ ஒட்டி இந்தியாவில் இருந்த கிரேக்கத் தூதர் மெகஸ்தனிஸ், ஹெராக்கிளிஸ் தன் மகள் பண்டையாவுக்கு ஒரு நாட்டைக் கொடுத்தான் என்று எழுதினார். 500 யானை, 4,000 குதிரை, 1,30,000 காலாட்படை அவளுக்குச் சீதனம் என்று அதை எடுத்தாண்ட அர்ரியன் கணக்குச் சொல்கிறார். கணக்கு இருக்கட்டும். தெற்கே ஓர் அரசி என்ற நினைவு அத்தனை தூரம் போயிருந்தது என்பதுதான் முக்கியம்.

ஆக அல்லி ஒரே ஊற்றில் பிறந்தவள் அல்லள். சித்திராங்கதையின் ஊரும் பிரமீளாவின் கோட்டையும் தடாதகையின் வீரமும் சேர்ந்து, ஒரு தமிழ்ப் பூவின் பெயரில் உருவம் எடுத்தன. சமஸ்கிருதப் பெயர் எதுவும் அவளுக்கு ஒட்டவில்லை. 'அல்லி' இரண்டு அசை. கூப்பிடுவதற்கு ஏற்ற பெயர். வயலிலிருந்து திரும்புகிற பெண் கூடத் தன் மகளை அப்படிக் கூப்பிடலாம்.

அவள் கதையைச் சொல்லும் புத்தகங்களைப் 'பெரிய எழுத்து' என்பார்கள். சாணித்தாள், பூசிய வண்ணத்தில் மெல்லிய மேலட்டை, அட்டையில் மரக்கட்டைப் படம், உள்ளே கண் மங்கியவரும் விளக்கொளியில் படிக்கும்படி பருத்த எழுத்து. சென்னை இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்ற பதிப்பகங்கள் இவற்றைத் தலைமுறைகளாக அச்சிட்டன. கோயில் வாசலிலும் சந்தையிலும் தேர்த்திருவிழாவிலும் கோணிச் சாக்கு விரித்து விற்பார்கள். மதுரையில் புதுமண்டபத்தில் முன்பு இருந்த புத்தகக் கடைகளில் பஞ்சாங்கத்துக்கும் சோதிட நூலுக்கும் நடுவே இவை கிடைத்தன. அதே புதுமண்டபத்துத் தூண்களில் மலையத்துவசனும் தடாதகையும் சிலையாக நிற்கிறார்கள். கல்லில் மீனாட்சி, காகிதத்தில் அல்லி, இரண்டுக்கும் இடையே சில அடி தூரம்தான் இருந்தது.

வாங்கியவர் தனியே வைத்துக்கொண்டு படிக்கும் புத்தகம் அல்ல இது. எழுத்துத் தெரிந்த ஒருத்தி ராகம் போட்டு வாசிப்பாள். மற்றவர்கள் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். நடையும் அதற்கேற்றது. ஒரு வரி சொன்னதை அடுத்த வரி ஒரு சொல் மாற்றித் திரும்பச் சொல்லும். நகை பூட்டும் வரிசை, படை புறப்படும் வரிசை எல்லாம் நீண்டு வரும். கண்ணால் ஓடிப் படிப்பவருக்கு அலுப்புத் தட்டலாம். காதால் கேட்பவருக்கு அதுதான் பிடிமானம். நடுவில் எழுந்து அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தாலும் கதை கைநழுவிப் போகாது.

ஆசிரியர் புகழேந்திப் புலவர் என்று அட்டையில் போட்டிருக்கும். நளவெண்பா பாடிய புகழேந்தி எழுதியதாக இருக்க வழியில்லை; மொழி பல நூற்றாண்டு பிந்தியது. ஆனால் அந்த உரிமைக்குப் பின்னால் உள்ள கதை அருமையானது. ஒட்டக்கூத்தர் பகையால் சோழன் சிறையில் அடைபட்ட புகழேந்தி, சன்னல் வழியே தண்ணீர்க் குடத்தோடு போகும் பெண்களுக்கு இந்தக் கதைகளைப் பாடினாராம். அவர்கள் அரிசியும் காயும் கொடுத்துக் கேட்டார்களாம். இந்தப் புத்தகங்களின் வாசகர் யார் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொன்னதில்லை. அரசவைக்காக அல்ல, தண்ணீர்த் துறைக்குப் போகிறவர்களுக்காகப் பாடப்பட்டவை இவை.

புத்தகங்கள் ஒன்றா இரண்டா? அல்லியரசாணி மாலை, பவளக்கொடி மாலை, சுபத்திரை மாலை, புலந்திரன் களவு மாலை, ஏணியேற்றம், மின்னொளியாள் குறம், அடுத்த தலைமுறைக்கு அபிமன்னன் சுந்தரி மாலை, கர்ணன் வீட்டுக்குப் பொன்னுருவி மசக்கை. நாயகன் ஒருவன், அவனைச் சுற்றிப் பெண்கள் பலர், புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு புதிய காதல். இன்று பதின்வயதுப் பிள்ளைகள் கைபேசியில் படிக்கும் ஜப்பானிய மங்கா கதைகளில் 'ஹாரெம்' என்று ஒரு வகையே இருக்கிறது. அரபியில் விலக்கப்பட்ட இடம் என்று பொருள்படும் சொல், அந்தப்புரத்துக்குப் பெயராகி, துருக்கி வழியே உலகம் சுற்றி, ஒருவனை மொய்க்கும் பல பெண்களின் காதல் கதைக்குப் பெயராக வந்து நின்றது. தகாஹாஷி ருமிகோ எழுதிய 'உருசெய் யட்சுரா' 1978இலிருந்து 1987 வரை ஓடி 34 தொகுதியானது. அடுத்து அவரே எழுதிய 'ரன்மா ½' 1996 வரை ஓடி 38 தொகுதி. ஜப்பானில் வார இதழ், தமிழில் பெரிய எழுத்து. இரண்டுமே அடுத்தது எப்போது என்று காத்திருக்க வைத்து விற்றவை.

இந்த வகைக்கு ஒரு பிறவிச் சிக்கல் உண்டு. நாயகன் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்தால் கதை முடிந்துபோகும். ஆகவே மங்காக்காரர்கள் தேர்வைத் தள்ளிப் போட்டுக்கொண்டே போவார்கள். நெருங்கி வரும் நேரத்தில் யாராவது கதவைத் திறந்துவிடுவார்கள். பெரிய எழுத்துக்காரர்கள் அந்த வழியில் போகவில்லை. அருச்சுனன் ஒவ்வொரு முறையும் கல்யாணம் செய்துகொள்கிறான். அடுத்த புத்தகத்தில் மறுபடியும் ஓர் அழகியைப் பற்றிக் கேள்விப்படுகிறான், வாடுகிறான், கண்ணனைக் கூப்பிடுகிறான், வேடம் போடுகிறான், தந்திரம் பலிக்கிறது. நாயகன் என்ற அளவில் அவனை மதிப்பிட்டால் தேறமாட்டான். ஒரு புத்தகத்தில் கற்றது எதுவும் அடுத்த புத்தகத்துக்கு அவனோடு வருவதில்லை. வில்லிபாரதத்தில் தவம் செய்து பாசுபதம் பெறுகிறவனும் இவனும் ஒரே ஆள்தான் என்று நம்புவது கடினம்.

ஆனால் பாடியவர்களுக்கு இது தெரிந்தே இருந்திருக்க வேண்டும். தலைப்புகளைப் பாருங்கள். அருச்சுனன் மாலை என்று ஒன்றுகூட இல்லை. அல்லி, பவளக்கொடி, சுபத்திரை, மின்னொளியாள்: பெரும்பாலான புத்தகங்கள் பெண்ணின் பெயரைச் சுமக்கின்றன. தலைப்பை உச்சரித்துக் கேட்கிறவளுக்கு அது எந்தப் பெண்ணின் கதை என்றுதான் தெரிய வேண்டியிருந்தது. 'உருசெய் யட்சுரா'விலும் ஏறக்குறைய இதுதான் நடந்தது. வேற்றுக்கிரகத்துப் பெண் லம் முதல் அத்தியாயத்தோடு போய்விடுவதாகத்தான் இருந்தது, வாசகர்கள் விடவில்லை. நாயகன் பெயரை மறந்தவர்களுக்கும் லம் நினைவிருக்கிறாள். தொடர் யாருக்காக ஓடுகிறது என்பதை ஆசிரியருக்கு முன்னால் வாசகர் கண்டுகொண்ட இடம் அது.

அல்லியரசாணி மாலையைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொத்தத் தொடரிலும் உயரமான புத்தகம் இதுதான். முதற்பாதி முழுக்க அல்லியுடையது. பூவில் கிடைத்த பெண் படைக்கலம் பயில்கிறாள், மதுரையைப் பிடித்து வைத்திருக்கும் நீன்முகனை வெல்கிறாள், தானே முடிசூடுகிறாள். அவள் அரண்மனையில் ஆண் காவலரோ அமைச்சரோ கிடையாது. இந்தப் பகுதியில் காதல் என்ற பேச்சே இல்லை. ஒரு பெண் படிப்பதும் போரிடுவதும் ஆள்வதும் எவ்வளவு நேரம் கேட்கத் தக்க கதை என்பதில் பாடியவருக்கு ஐயம் இருக்கவில்லை. தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நின்றவர்களுக்கும் இருந்திருக்காது.

பிறகு அருச்சுனன் வருகிறான். நேர் வழியில் அவளிடம் எதுவும் நடக்காது. கண்ணன் அவனைப் பாம்பாக மாற்றுகிறான். பாம்பாட்டியாகத் தானே வந்து அந்தப் பாம்பை அரண்மனையில் ஆட்டுகிறான். பாம்பின் அழகில் மயங்கிய அல்லி அதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். இரவில் பாம்பு ஆளாகிறது. தூங்குகிறவள் கழுத்தில் தாலி ஏறுகிறது.

இந்த இடத்தைச் சிரித்துக் கடந்துபோக முடியாது. தூங்கும் பெண்ணுக்குத் தெரியாமல் தாலி கட்டுவது கல்யாணம் அல்ல, அத்துமீறல். மேடையிலும் திரையிலும் இதைக் குறும்பாக்கிக் காட்டியவர்கள் உண்டு. ஆனால் புத்தகம் அப்படி விடவில்லை. விழித்தெழும் அல்லியின் சினத்துக்கு நிறைய இடம் கொடுக்கிறது. கட்டியவனைக் கொல்லத்தான் அவள் புறப்படுகிறாள். கழுத்தில் ஏறியதைத் தெய்வச் செயல் என்று உடனே ஏற்றுக்கொண்டு குனிகிறவள் அல்ல. கடைசியில் கதை அவளைக் குடும்பத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான் செய்கிறது. அந்தக் காலத்துக் கதைக்கு வேறு முடிவு தெரியாது. ஆனால் அதற்கு முன் அவள் சொல்லும் மறுப்பு அழிக்கப்படவில்லை. மாமியார் வீட்டுக்குப் போக இருந்த பெண்களும், போய் ஆண்டுகள் கழிந்த பெண்களும் உட்கார்ந்து கேட்ட பகுதி இது. தங்களால் வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒன்றை ராகம் போட்டு வாசிக்கக் கேட்டார்கள். இந்தத் தொடர் இத்தனை தலைமுறை ஓடியதற்கு அருச்சுனனின் அழகு காரணம் என்று என்னால் நம்ப முடியவில்லை. அல்லியின் கோபம்தான் காரணம்.

மீனாட்சிக்கும் அவளுக்கும் உள்ள வேறுபாடும் இங்கேதான். தடாதகையிடம் யாரும் தந்திரம் செய்யவில்லை. அவள் கண்ணாலேயே கண்டு, அவள் உடம்பிலேயே அடையாளம் தெரிந்து, தன் ஊருக்குத் திரும்பிவந்து ஊரறிய மணக்கிறாள். மாப்பிள்ளைதான் மதுரைக்கு வருகிறார். அல்லிக்கு அந்த அடையாளம் தரப்படவில்லை. விரும்பி மணந்த அரசியை ஊர் கொண்டாடியது. மறுத்து நின்ற அரசியின் பெயரை, சொல் பேச்சுக் கேளாத பெண்களை அடக்கும் கோலாக ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்தடுத்த புத்தகங்களில் தரம் ஏறி இறங்குகிறது. பவளக்கொடி மாலைக்கு நல்ல தொடக்கம் இருக்கிறது. அல்லிக்கும் அருச்சுனனுக்கும் பிறந்த புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்டு அடம் பிடிக்கிறான். பவளம் கொண்டுவரக் கடல் தாண்டிப் போன தகப்பன், பவளத்தோடு பவளக்கொடியையும் மணந்துகொள்கிறான். கடலடியில் கிளைவிட்டு நிற்கும் பவளத்துக்குத் தமிழில் பவளக்கொடி என்றே பேர். முத்துக்குப் பேர்போன பாண்டிய நாட்டுப் பெண்ணுக்கு எதிரே பவளத்தின் பேரில் ஒருத்தியை நிறுத்தியிருப்பது கெட்டிக்காரத்தனம். பிள்ளையின் ஆசையைச் சாக்கிட்டு இரண்டாந்தாரம் கொண்டுவந்த கணவனை அல்லி கேட்கும் கேள்விகள்தான் இந்தப் புத்தகத்தின் உயிர். புலந்திரன் களவு மாலையில் மகன் தகப்பன் வழியிலேயே களவுக்காதலில் இறங்குகிறான். அல்லி அங்கே தாயாகச் சுருங்கிவிடுகிறாள். மின்னொளியாள் பெயரைத் தவிர மனதில் நிற்பது குறைவு. நீண்ட தொடர்கள் எல்லாவற்றுக்கும் வரும் களைப்பு இது. புதிய பெண் வருவாள், புதிய பெயர் வராது. பெயர் வந்தாலும் ஆள் வரமாட்டாள்.

புத்தகத்திலிருந்து மேடைக்கு அல்லியைக் கொண்டுபோனவர்களில் பெரியவர் சங்கரதாஸ் சுவாமிகள். 1867இல் தூத்துக்குடிப் பக்கம் பிறந்தவர், 1922இல் புதுச்சேரியில் மறைந்தார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சிறுவர் நாடகக் குழுவின் பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. மீனலோசனி என்றால் மீனாட்சி. டி.கே.எஸ். சகோதரர்கள் சிறுவர்களாகச் சேர்ந்தது அங்கேதான். பவளக்கொடி, அல்லி அருச்சுனா இரண்டும் சுவாமிகள் நாடகங்களில் உண்டு. பெண் வேடத்தையும் பையன்களே கட்டிய காலம் அது. ஆண் நிழல் படாத அரண்மனையின் அரசியை மீசை முளைக்காத பையன்கள் ஆடினார்கள். பின்னால் ஸ்பெஷல் நாடகம் வளர்ந்து ஸ்திரீபார்ட்டுக்குப் பெண்கள் வந்தபோது அல்லிக்குக் குரலே மாறிவிட்டது. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் கொடைகளில் ஆர்மோனியமும் மிருதங்கமும் வைத்து இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிய விடிய நடக்கும் பவளக்கொடியில், ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் பாட்டும் வசனமுமாகத் தர்க்கம் செய்யும் இடத்துக்குத்தான் கூட்டம் தூக்கத்தை விட்டு எழுந்து உட்காரும். அருச்சுனனுக்கு அங்கே பதில் சொல்லி முடியாது, முடியவும் கூடாது.

திரை பவளக்கொடியைத்தான் முதலில் பற்றிக்கொண்டது. 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய 'பவளக்கொடி' அவருக்கும் முதல் படம், எம்.கே. தியாகராஜ பாகவதருக்கும் முதல் படம். கதாநாயகி எஸ்.டி. சுப்புலட்சுமி. 1949இல் மறுபடியும் ஒரு 'பவளக்கொடி' வந்தது. அதில் நாயகன் டி.ஆர். மகாலிங்கம், சோழவந்தான் பக்கத்துத் தென்கரைக்காரர். பாடக நாயகர்களுக்கு அருச்சுனன் வாகான வேடம். காதலும் பாட்டும் போதும், போர் வேண்டாம். அதனாலேயே படங்களில் அல்லியின் பாதி தேய்ந்தது. 2002இல் மனோஜ் நடித்த 'அல்லி அர்ஜுனா' வந்தபோது அது தற்காலக் காதல் கதை. பெயர்கள் மட்டுமே மிஞ்சியிருந்தன. மனோஜின் தகப்பனார் பாரதிராஜாவின் சொந்த ஊர் தேனி அல்லிநகரம் என்பது தற்செயல்தான் என்றாலும் இந்தப் பெயரைத் தேடுகிறவனுக்கு இனிக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் பெயர் வேறு விதமாக வேர் பிடித்தது. இலங்கையின் வடமேற்குக் கரையில் மன்னாருக்குத் தெற்கே, முத்துக்குளிப்புக்குப் பேர்போன அரிப்பில் உள்ள பழைய கோட்டையை மக்கள் அல்லிராணிக் கோட்டை என்கிறார்கள். இன்னும் தெற்கே குதிரைமலை அவள் ஆண்ட இடம் என்பது அவர்கள் வழக்கு. அரிப்பில் ஆங்கிலேய ஆளுநர் பிரடெரிக் நார்த் 1801க்கும் 1804க்கும் இடையில் முத்துக்குளிப்பை மேற்பார்க்கக் கட்டிய மாளிகையின் சிதைவுகூட அவள் பேரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. முத்துக்கடலின் இருகரையிலும் ஒரே கதை பாடப்பட்டிருக்கிறது. அந்தக் கரையில் அல்லி பெரிதும் ஆண்ட அரசியாகவே நினைக்கப்படுகிறாள். ஏமாற்றிக் கட்டப்பட்டவளாக அல்ல. அங்கே அவள் பேர் கோட்டைக்கு ஆயிற்று.

இங்கே அது தர்பாருக்கு ஆயிற்று. தர்பார் பாரசீகச் சொல். நவாபு ஆட்சியும் பாளையங்களும் அரசவைக்கு வைத்த பெயர், ஊர்ப்பேச்சில் கலந்து, அல்லியோடு வந்து ஒட்டிக்கொண்டது. சபை, கொலு, அத்தாணி என்று எத்தனையோ சொற்கள் தமிழில் இருந்தும் 'தர்பார்' நிலைத்ததற்குக் காரணம் அதில் இருக்கும் மிரட்டல் ஒலி என்று நினைக்கிறேன். சொல்கிறவர்கள் கதையில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஆண்களை அண்டவிடாதவள் என்பது 'அல்லி தர்பார்' என்ற சொல்தொடரில் வந்தது. நாட்டை அபகரித்தவனிடமிருந்து மீட்டவள் என்பது வரவில்லை. அவளை வென்றது தந்திரம், வீரம் அல்ல என்பதும் வரவில்லை. ஒரு பெண் நல்லபடி நிர்வாகம் செய்யும் இடத்தைப் பார்த்து அல்லி தர்பார் என்று யாராவது பழித்தால், மூலக்கதைப்படி அது பாராட்டாகிவிடும். அவள் ஆண்ட காலத்தில் மதுரையில் ஆட்சி சரியில்லை என்று எந்தப் பாடத்திலும் ஒரு வரி கிடையாது.

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்க நினைப்பவர்கள் அல்லியரசாணி மாலையில் தொடங்கலாம். அவசரப்பட்டு அருச்சுனன் வரும் பக்கத்துக்குத் தாவ வேண்டாம். நீன்முகனோடு நடக்கும் போரை முழுக்கப் படியுங்கள். முடிந்தால் யாரையாவது உட்காரவைத்துச் சத்தமாக வாசியுங்கள். திரும்பத் திரும்ப வரும் வரிகளின் சுகம் அப்போதுதான் தெரியும். அதை முடித்துவிட்டுப் பவளக்கொடி மாலை. சுபத்திரை மாலையை அதற்குப் பிறகு ஆசை இருந்தால் எடுக்கலாம். மற்றவை பெயர்களைத் தெரிந்துகொள்ள மட்டும் போதும். பவளக்கொடி மாலையில் அல்லி கேட்கும் கேள்விகளுக்கு அருச்சுனன் என்ன பதில் சொல்கிறான் என்று தேடிப் பாருங்கள். அவனுக்காகக் கண்ணன்தான் பேச வேண்டியிருக்கும்.